துணைப்போத்தல்

ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் போன மாதம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு தேநீரும் இரண்டு ரோல்சும் கொடுத்து, "உங்கட காலத்தில எப்பிடி மிஸ்?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. போனேன். கொழும்பில் பயிற்சி முடித்து வந்திருந்த ஒரு பெண், திணிவு நிறமாலைமானி எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளக்கினாள். இரத்தத்திலோ, சலம் என்று நாங்கள் சொல்லும் சிறுநீரிலோ, சுரப்பிகள் கலந்துவிடும் ஓமோனைத் துண்டு துண்டாக உடைத்து, அந்தத் துண்டுகளை நிறுத்துப் பார்த்து, ஆள் யாரென்று அந்த இயந்திரம் சொல்லிவிடுமாம். வழியில் கொஞ்சம் தொலைந்துபோனாலும் கணக்குப் பிசகாமலிருக்க, அதே ஓமோனின் சற்றுப் பாரமான நகல் ஒன்றை ஒவ்வொரு குழாயிலும் துணைக்குப் போட்டுவிடுவார்களாம்.

"அப்ப துணைப்போத்தல் இப்ப போறதில்லையா?" என்று கேட்டேன். அவள் முழித்தாள். கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, எழுதித் தாருங்கள் என்றார்கள். சும்மா இருக்கிறவள்தானே என்ற நினைப்பு. எழுதியிருக்கிறேன்.

என் படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேற்றாத்தீவில் பள்ளிக்கூடம், கொழும்பில் ஆய்வுகூடப் பயிற்சி, திரும்பி வந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் உத்தியோகம். கொழும்பில் கொஞ்சம் சிங்களமும், பிறருடைய சலத்தைக் கையில் பிடித்துக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் துணிவும் கற்றுக்கொண்டேன். இரண்டாவதுதான் தொழிலுக்குப் பெரிதும் உதவியது.

எங்கள் ஆய்வுகூடத்துக்குத் தலைவராக ஒரு டொக்டர் இருந்தார். நாங்கள் எல்லோரும் "சேர்" என்போம். ஒல்லியான மனிதர், சத்தம் போடத் தெரியாதவர். முடிவு பிழையாக வந்தால் பிழை என்று சொல்லமாட்டார். "இது இன்னும் வந்து சேரேல்ல" என்பார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போத்தலை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்பார். யாருடையது? எப்ப எடுத்தது? எங்க வைச்சிருந்தது? இந்த மூன்றுக்கும் மறுமொழி இல்லாமல் அவர் முன்னால் போய் நிற்பதைவிட, பல்லுப் பிடுங்கப் போகலாம்.

ஸ்டீரொயிட் ஓமோன்களை அளக்க ஒருநாள் முழுவதும் சேர்த்த சலம் வேண்டும். அவை காலையில் ஏறும், மாலையில் இறங்கும்; ஒருவேளைச் சலத்தை நம்பமுடியாது. காலையில் எழும்பியதும் போகிற சலத்தை விட்டுவிட வேண்டும். அதன்பிறகு மறுநாள் காலை வரைக்கும் ஒரு சொட்டும் சிந்தாமல் பெரிய பிளாஸ்ரிக் கானில் சேர்க்க வேண்டும். சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். ஏறாவூரிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். கான் பாதிதான் நிரம்பியது என்று அவருக்கு வெட்கம். கடையில் முட்ட முட்ட அளந்து கொடுத்துப் பழகிய மனிதர். குறையளவில் கொண்டுவர மனம் வராமல் வீட்டாரிடம் கேட்டு நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். சேர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, யாருடையது என்று கேட்டார். கடைக்காரர் பணிவாக, "எல்லாருடையதும்தான் சேர்" என்றார். சேர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

துணைப்போத்தல் சேரின் கண்டுபிடிப்பு. சுனாமி அடித்த பிறகு பல நாட்கள் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. எங்களால் செய்யமுடியாத பரிசோதனைகளைக் கொழும்புக்கு அனுப்புவோம். ஐஸ் உருகி, பஸ் நின்று, சோதனைச் சாவடியில் பெட்டி வெயிலில் கிடந்து, கடைசியில் வரும் எண்கள் மனிதருக்கு உரியவையாகவே இரா. நோய் செய்தது எது, வழி செய்தது எது என்று பிரிக்கமுடியவில்லை. அப்போதுதான் சேர் ஒரு சட்டம் போட்டார். நோயாளியின் போத்தல் எங்கே போனாலும், சுகமான ஒருவரின் போத்தலும் அதே நாளில் எடுத்து, அதே பெட்டியில், அதே ஐஸில் கூடவே போகவேண்டும். சுகமானவரின் எண் ஒழுங்காக வந்தால் வழியில் பழுதில்லை. "ஒண்டையும் தனிய அனுப்பக்கூடாது" என்பார். சுகமான ஆளுக்கு ஊரெல்லாம் தேடவேண்டியதில்லை, நாங்கள்தான் இருக்கிறோமே. பெரும்பாலும் நான். எனக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை. என் சலம் கொழும்பு பார்த்த அளவுக்கு எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் கொழும்பு பார்த்ததில்லை.

இனி வின்சன்ட் அங்கிள். ஆஸ்பத்திரியில் மரவேலை என்றால் அவரைத்தான் கூப்பிடுவோம். கடலோர டச்பாரில் இருந்த, போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர், நல்ல ஓடாவி, வயலினும் வாசிப்பார். வீட்டில் பேசுவது போர்த்துக்கேயம், பெருமை பேசுவது ஒல்லாந்து. அலையில் அவருடைய வீடும் போனது, மனைவி லில்லியும் போனார். அதைப்பற்றி அவர் பேசமாட்டார். அனெக்காவைப்பற்றி மட்டும் பேசிக்கொண்டே இருப்பார்.

அனெக்கா, நிவாரண வேலைக்கு ஒல்லாந்திலிருந்து வந்த இளம்பெண். அலுவலகத்துக்குக் கந்தோர் என்றும் மலசலகூடத்துக்குக் கக்கூசு என்றும் நாங்கள் சொல்வது தங்கள் நாட்டுச் சொற்கள் என்று கேட்டு, கக்கூசுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு திரிந்தவள். வின்சன்ட் அங்கிளிடம் தச்சு வேலை இருக்கிறது என்று அறிந்து, தற்காலிக வீடுகளுக்குக் கதவு செய்யும் வேலைக்கு அவரை இழுத்துப் போட்டவளும் அவள்தான். நாடு திரும்பிய பிறகும் அவரை மறக்காமல் பொதி அனுப்பிக்கொண்டிருந்தாள். பொதிக்குள் பெரிய பெரிய தகர டின்கள். டின்னுக்குள் கறுப்பு இனிப்பு. "எங்கட பாட்டன் பூட்டன் திண்ட சாமான்" என்று அவர் அதைத் தின்பார். லில்லி போனபிறகு சிகரட்டை விட்டவர், அந்த வாய்க்கு இந்த இனிப்பைக் கொடுத்திருந்தார். விடிந்தது முதல் கன்னத்துக்குள் ஒன்று இருக்கும்.

வடக்கில் சண்டை முடியும் தறுவாயில் இருந்த மாதங்களில் எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புதிய மேசைகளும் சாமான் அடுக்கும் இறாக்கைகளும் செய்ய அவர் வந்தார். வாரக்கணக்காக எங்களோடுதான் இருந்தார். தேநீர் நேரத்தில், சேர் தன் அறையில் இருக்க, டின்னைத் திறந்து எங்கள் எல்லோருக்கும் நீட்டுவார். மற்றவர்கள் ஒருமுறை வாயில் வைத்துவிட்டு வெளியே ஓடிப்போய்த் துப்பினார்கள். தார் நிறம், உப்பும் இனிப்பும் கலந்த ஒரு ருசி. எனக்கும் முதல்நாள் டயர் தின்பதுபோலத்தான் இருந்தது. மூன்றாம் நாள் நானே போய்க் கேட்டு வாங்கினேன். என்னை ஒரு ஒல்லாந்துப் பெண்ணாகவே மதித்து, முழு டின் ஒன்றைக் கையில் தந்தார். ஓவர்கோட் பையில் ஒரு பிடி போட்டுக்கொண்டு நாள் முழுவதும் அரைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் இறாக்கைக்குப் பலகை தூக்கும்போது வின்சன்ட் அங்கிள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மயக்கமில்லை, வலியில்லை. கால் இரண்டும் சொல்லுக் கேட்கவில்லை. ஆய்வுகூடத்துக்குள் விழுந்த மனிதரை நாங்கள் சும்மா விடுவோமா? அங்கேயே இரத்தம் எடுத்தேன். பொற்றாசியம் அடிமட்டத்தில் கிடந்தது. நம்பாமல் திரும்பவும் செய்தேன். அதே எண். பிரஷரோ கூரையில் நின்றது.

நோயாளர் வாட்டில் சேர்த்தார்கள். ஸ்கானில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. உப்பைப் பிடித்துவைத்து, பொற்றாசியத்தை வெளியே தள்ளும் ஓமோன் ஒன்று அந்தச் சுரப்பியில்தான் ஊறுகிறது. கட்டி அதைக் கூடுதலாக ஊற்றுகிறது, சுரப்பியை வெட்டி எடுத்தால் சரி என்று வாட்டு டொக்டர் சொன்னார். யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கொழும்பில் ஒப்பரேசனுக்கு நாளும் குறித்தாயிற்று.

சேருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. கொழும்பில் அளந்து வந்த முடிவில் அந்த ஓமோன் கூடவில்லை. இருக்கவேண்டியதைவிடக் குறைந்து கிடந்தது. வாட்டு டொக்டர், இரத்தம் வழியில் பழுதாகியிருக்கும் என்றார். அதுவும் நியாயம்தான், அன்றைக்கு மட்டும் அவசரத்தில் துணைப்போத்தல் போகவில்லை. "களவு நடக்குது, கள்ளன் வீட்டில இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே சேர் இரண்டு நாள் திரிந்தார்.

வின்சன்ட் அங்கிளுக்கு ஒப்பரேசன் என்றதும் முகம் கறுத்துவிட்டது. சுனாமியின் பின் ஊருக்கெல்லாம் சவப்பெட்டி செய்துகொடுத்தவர். கட்டிலில் கிடந்தபடி என்னிடம் சொன்னார்: "எனக்கு அளவெடுக்கத் தேவையில்ல புள்ள. என்ர அளவு எனக்குத் தெரியும்." பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொற்றாசியம் அந்த மட்டத்தில் இருக்கிற ஒருவரை மயக்கி வெட்டும்போது இதயம் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். பயமாக இருந்தது.

சேருடைய பழைய நண்பர் ஒருவர் வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தார். அங்கே திணிவு நிறமாலைமானி இருந்தது. நாங்கள் வைத்திருந்த முறை, ஓமோனின் முகச்சாயலைப் பார்த்து ஆளைப் பிடிக்கும் முறை. ஸ்டீரொயிட்டுகளோ ஒரே குடும்பம். முகத்தைப் பார்த்தால் அண்ணனையும் தம்பியையும் மாறிப் பிடித்துவிடும். கோட்டிசோலுக்கும் கோட்டிசோனுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டே இரண்டு ஐதரசன் அணு. அந்த இயந்திரத்துக்கு முகம் தேவையில்லை, அது நிறுத்தே பார்த்துவிடும். ஒருநாள் சலத்தை அனுப்பு, குடும்பம் முழுவதையும் நிறுத்துச் சொல்கிறேன் என்றார் நண்பர்.

இம்முறை சட்டம் மீறப்படவில்லை. வின்சன்ட் அங்கிள் வாட்டிலும் நான் வீட்டிலுமாக ஒரே நாளில் சேர்த்தோம். இரண்டையும் நன்றாகக் கலக்கி, அளவைக் குறித்து, ஒவ்வொன்றிலும் சிறு போத்தல் எடுத்து உறையவைத்தேன். அங்கிருந்து விமானத்தில் அனுப்ப, ஐஸ் பெட்டியை நானே கொழும்புக்குக் கொண்டுபோனேன். வழியில் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இன்னதென்று சொன்னேன். அவன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு ஏன் இரண்டு என்று கேட்டான். ஒன்று நோயாளியுடையது, மற்றது சுகமான ஆளுடையது என்றேன். எது சுகமானது என்று கேட்டான். நான் நிமிர்ந்து நின்று, என்னுடைய போத்தலைத் தொட்டுக் காட்டினேன். அவன் என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போகச் சொன்னான்.

ஒப்பரேசனுக்கு முந்திய வாரம் நண்பர் தொலைபேசியில் வந்தார். சேர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போத்தலைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு மிகுந்த சங்கடத்தோடு கேட்டார்.

"உங்கட அப்பா டச்பார்ப் பக்கம் வேலை வெட்டி எண்டு போய் வாறவரோ?"

எனக்கு விளங்கவில்லை. அப்பா தேற்றாத்தீவில் தோட்டம் செய்தவர், பக்கத்துக் களுவாஞ்சிக்குடிக்கு அப்பால் எங்கே போனாலும் அவருக்குத் தலை சுற்றும் என்றேன். சேருக்குப் பெரிய ஆறுதல். அதன்பிறகுதான் விசயத்தைச் சொன்னார்.

அதே சுரப்பியில் ஊறும் கோட்டிசோலும் அந்த உப்புப் பிடிக்கும் வேலையைச் செய்யக்கூடியதுதான். அதைச் செய்யவிடாமல், சிறுநீரகத்தில் இருக்கும் ஒரு நொதியம் அதைக் கோட்டிசோனாக மாற்றிப் பல்லுப் பிடுங்கிவிடும். வின்சன்ட் அங்கிளின் சலத்தில் கோட்டிசோல் மலைபோல, கோட்டிசோன் மடுபோல. நொதியம் வேலை செய்யவில்லை. கட்டிக்கும் இதற்கும் தொடர்பேயில்லை. அதுவரைக்கும் நல்ல செய்தி. ஆனால் சுகமான ஆளின் போத்தலிலும் அதே கோளாறு, சற்றுக் குறைவாக. பரம்பரையாகச் சில குடும்பங்களில் இப்படி வருமாம். அதனால் நண்பர், இந்த இரண்டு பேரும் உடன்பிறப்புகளா என்று கேட்டிருக்கிறார். இல்லையென்றால் இரண்டு பேரும் அதிமதுரம் தின்கிறவர்களாக இருக்கவேண்டுமாம். அதிமதுரத்துக்கு அந்த நொதியத்தைக் கட்டிப்போடும் குணம் உண்டாம்.

உடனே வாட்டுக்குப் போனோம். வின்சன்ட் அங்கிள் படுத்தபடி கையெடுத்துக் கும்பிட்டார். நாட்டு மருந்து, கசாயம், வேர், பட்டை எதுவும் தன் வாழ்நாளில் வாயில் வைத்ததில்லை, அதெல்லாம் உங்கள் சனத்தின் சாமான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. நானும் இருமலுக்குக்கூட எதுவும் குடித்திருக்கவில்லை. திரும்பி வந்து சேர் மேசையில் இருந்து யோசித்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? ஒரே கிணற்றுத் தண்ணீரா, ஒரே தேத்தண்ணியா? அப்படியென்றால் எங்கள் எல்லோருக்கும் அல்லவா வந்திருக்கவேண்டும்? நானும் அவர் முன்னால் நின்று யோசித்தேன். யோசனை வந்தால் எனக்கு வாய் சும்மா இராது. பையில் கையை விட்டு, ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

சேர் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

"வாயில என்ன?"

மேசையடியில் வைத்திருந்த டின்னை எடுத்து நீட்டினேன். ஒல்லாந்து மொழியில் என்னென்னவோ எழுதியிருந்தது, எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சேர் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். உப்பையெல்லாம் தாண்டி அடியில் இருந்த ருசி அவருக்குப் பிடிபட நேரமெடுத்தது. சின்ன வயதில் தொண்டை நோவுக்கு அவருடைய அம்மா வாயில் அடக்கிவைக்கக் கொடுத்த வேர்தானாம் அது. "அதிமதுரம்" என்றார். நண்பரை அழைத்து டின்னில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. சேர் பிரஷர் கருவியைக் கொண்டுவரச் சொல்லி என் கையில் கட்டினார். நின்று நின்று வேலை செய்வதால் என்று நான் நினைத்திருந்த கால்வீக்கத்துக்கும் தலையிடிக்கும் காரணம் அன்றைக்குத் தெரிந்தது. சாவடிச் சிப்பாய் என்னை அப்படிப் பார்த்ததில் பிழையில்லை.

ஒப்பரேசனை நிறுத்தினார்கள். கட்டி ஒன்றும் செய்யாத சாதாரணக் கட்டி, அது பாட்டில் கிடக்கலாம். செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, இனிப்பை விடவேண்டும். சந்தோசமாகப் போய்ச் சொன்னேன். வின்சன்ட் அங்கிள் சந்தோசப்படவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"வெட்டட்டும் புள்ள. இத மட்டும் விடச் சொல்லாதிங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மிட்டாய்க்காகச் சாகப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் சொன்னார். லில்லியை அடக்கம் செய்துவிட்டுப் பள்ளிக்கூட முகாமில் சுவரோடு சாய்ந்து கிடந்தாராம். யார் என்ன கொடுத்தாலும் தொண்டைக்குள் இறங்கவில்லையாம். "அந்தப் பிள்ளைக்கு ஒரு பாஷையும் தெரியா. பக்கத்தில வந்து இருந்திச்சு. கையில இத வைச்சிச்சு. என்னண்டு தெரியாமத்தான் வாயில போட்டன். அதுக்குப் பிறகுதான் எனக்கு அழ வந்திச்சு." அவ்வளவுதான் சொன்னார். நானும் கட்டில் ஓரத்தில் இருந்து அழுதேன். ஆய்வுகூடத்துக்காரி வாட்டில் அழுவதைப் பார்த்து, மனிதருக்கு ஏதோ பெரிய வியாதி என்று பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோனார்.

விட்டார். சொன்னபடி முழுதாக விட்டார். கொஞ்ச நாளில் பொற்றாசியம் ஏறியது, பிரஷர் இறங்கியது, மீதி இறாக்கைகளையும் வந்து முடித்துக் கொடுத்தார். வெறும் டின்களில் ஆணி போட்டு வைத்துக்கொண்டார். நானும் விட்டேன். எனக்கு அவரைவிடக் கஷ்டமாக இருந்தது என்றால் யாரும் நம்புவதில்லை.

அந்த வருடம் நத்தார் என்கிற கிறிஸ்மசுக்கு முன்னால் வின்சன்ட் அங்கிள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். கையில் உடைக்காத புது டின். அனெக்காவுக்கு ஒன்றும் எழுதவில்லையாம். எழுதினால் அந்தப் பிள்ளை தான்தான் நோயைக் கொடுத்தேன் என்று நினைத்துவிடும் என்று பயம். டின்னைச் சேரின் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றே ஒன்று தின்னலாமா என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல நின்றார்.

சேர் பழக்கதோசத்தில் கண்ணாடியை ஏற்றினார்.

"யாருக்கு? எப்ப? எங்க?"

"லில்லிக்கு சேர். நத்தாருக்கு அடுத்த நாள். டச்பார்க் கடற்கரையில."

சேர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பிறகு, "ஒண்டு" என்றார். அங்கிள் நன்றி சொல்லிவிட்டு வாசலைத் தாண்டியதும் சேர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் போங்க. ஒண்டையும் தனிய அனுப்பக்கூடாது."

போனேன். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் போனேன். அந்த முதல்முறை, சுனாமி நினைவுநாளில், கடற்கரையில் மெழுகுவர்த்தியோடு நிறையச் சனம். வின்சன்ட் அங்கிள் அலை தொடாத இடமாகப் பார்த்து இருந்து, டின்னைத் திறந்து, ஒன்றை எடுத்துப் பேனாக்கத்தியால் இரண்டாக வெட்டினார். ஓடாவி வெட்டினால் இரண்டு பக்கமும் சமனாகத்தானே இருக்கும். ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். சேர் எனக்கு அனுமதி தரவில்லை. நான் தின்றேன்.